கம்பத்தக்காவும் குளவி விஷமும்

அவரை எல்லோரும் கம்பத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மின்சார அலுவலகத்தின் பதிவேட்டில் வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லி யாராவது அழைத்தால் அவரே ஒரு நொடி யோசித்துத்தான் திரும்பிப் பார்ப்பார். அந்த அலுவலகத்தில் கம்பம் ஏறுகிற பதினாலு பேரில் அவர் ஒருவர்தான் பெண். வேலைக்குச் சேர வந்த அன்று, "போன் எடுக்கத்தான் ஒரு பொம்பள ஆள் வேணும்னு பேசிக்கிட்டிருந்தோம்" என்று அப்போதிருந்த அதிகாரி இழுத்தார். "விளம்பரத்துல கம்பம் ஏறத் தெரிஞ்சவங்கன்னுதானே சார் போட்டிருந்தீங்க" என்று கேட்டுவிட்டு, வாசலில் நின்ற பயிற்சிக் கம்பத்தில் தோள்பையோடு ஏறிவிட்டார். உச்சிக்குப் போய், "இப்ப சொல்லுங்க சார்" என்றார். அதிகாரிக்கு அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். அன்று ஒட்டிக்கொண்ட பெயர் அது.

அதற்குப் பிறகு பதினோரு வருடம் வெயில், மழை, காற்று எதற்கும் அவர் சளைக்கவில்லை. குளவிக்கும்தான். தெருவிளக்குக் குழாயின் திறந்த வாய், மீட்டர் பெட்டியின் மூலை, குறுக்குச் சட்டத்தின் அடிப்பக்கம் என்று குளவிகளுக்கு மின்கம்பங்களைவிட வசதியான வீடு கிடைக்காது. வருடத்துக்கு ஒரு கொட்டாவது வாங்காதவர் அந்த அலுவலகத்தில் கிடையாது. கொட்டிய இடத்தில் ஐஸ் வைத்துக்கொண்டு அடுத்த புகாருக்குப் போய்விடுவார்கள். ஒருமுறை மணிக்கட்டில் கொட்டியது, முழங்கை வரை வீங்கி மூன்று நாள் அப்படியே இருந்தது. "பெரிய குளவி போல" என்று சொல்லிக் கம்பத்தக்கா அதையும் மறந்துபோனார்.

எட்டு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில், கம்பியைத் தாங்கும் பீங்கான்களில் விரிசல் விட்ட ஒன்றை மாற்றுவதற்காக ஏறியிருந்தார். கீழே நின்றது அவருடைய கூட்டாளி. ஆறடி மூன்றங்குல உயரத்துக்காக அவரை ஏணி என்பார்கள். மேலிருந்து "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் கேட்டது.

"கொட்டிருச்சா அக்கா? எறங்கிடுங்க."

"கழுத்துலதான். விடு, ரெண்டு போல்ட்டு பாக்கி."

ஒரு போல்ட்டைத்தான் முடுக்க முடிந்தது. முதலில் கையுறைக்குள் உள்ளங்கை அரித்தது. பிறகு பூட்ஸுக்குள் உள்ளங்கால். கம்பத்தின் மேல் நின்றுகொண்டு உள்ளங்காலை எப்படிச் சொறிவது? காது இரண்டும் கொதித்தன. நாக்கு வாய்க்குள் அடங்காமல் தடித்துக் கிடந்தது. அதோடு, எங்கிருந்தோ ஓர் எண்ணம் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது: நான் இப்போது சாகப் போகிறேன். புயலில் அறுந்த கம்பிக்கு நடுவே நின்றபோதுகூட வராத எண்ணம் அது. "ஏணி, பிடி" என்று சொல்ல நினைத்தார். "ஏயி, பியி" என்று வந்தது.

அதைக் கேட்டுத்தான் ஏணி அண்ணாந்து பார்த்தார். அக்காவின் முகம் அக்காவின் முகமாக இல்லை. "பெல்ட்ட விடாதீங்க! ஒவ்வொரு படியா, ஒவ்வொரு படியா" என்று கத்தினார். எப்படி இறங்கினார் என்பது கம்பத்தக்காவுக்கு இன்றுவரை நினைவில்லை. கடைசி நாலடியில் ஏணி அவரை இடுப்போடு அள்ளிக்கொண்டார்.

வண்டியில் ஏழு நிமிடத் தொலைவில் பத்துப் படுக்கை கொண்ட ஒரு சின்ன மருத்துவமனை. அங்கிருந்த நர்ஸ் முகத்தைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், "என்ன கொட்டுச்சு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பதிலை முழுதாகக் கேட்கக்கூட நிற்கவில்லை. படுக்கவைத்து, காலை உயர்த்தி, பேண்ட் துணியின் மேலேயே வெளித்தொடையில் அட்ரினலின் ஊசியைக் குத்திவிட்டார். கொஞ்ச நேரத்தில் மூச்சு வழி திறந்தது. மூழ்கியவர் மேலே வந்து இழுப்பது போல் கம்பத்தக்கா காற்றை இழுத்தார்.

"உக்கார வச்சா கூட்டிட்டு வந்தீங்க?" என்று நர்ஸ் ஏணியை ஒரு பிடி பிடித்தார்.

"முன் சீட்டுல வசதியா..."

"வசதியா! ரத்த அழுத்தம் விழுந்து கிடக்கறவங்கள நிமித்தி உக்கார வச்சா அங்கேயே போயிருப்பாங்க. படுக்க வைக்கணும். கால் மேல இருக்கணும். எழுந்து நிக்கவும் விடக்கூடாது. மறக்காதீங்க."

ஏணி மறக்கவில்லை. மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா வேலைக்குத் திரும்பியபோது இப்போதைய பொறியாளர் ஒரு நாற்காலியைக் காட்டினார். புகார் எடுக்கும் அறை. ஒரு மேசை, இரண்டு தொலைபேசி, ஒரு தடித்த நோட்டு. பொறியாளர் கெட்டவர் இல்லை, நல்லவர்தான். அதுதான் தொல்லை. கெட்டவரோடு சண்டை போடுவது சுலபம்.

"உங்க நல்லதுக்குத்தாம்மா. உடம்பு ஒத்துழைக்கல. இனிமே கம்பம் வேண்டாம்."

"எத்தன நாளைக்கு சார்?"

"நாள் கணக்கெல்லாம் இல்லம்மா."

வீட்டில் அவருடைய கணவர், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், இந்தச் செய்தியைக் கேட்டு முதல் முறையாக அந்த வாரம் நிம்மதியாகச் சாப்பிட்டார். அது அக்காவுக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களும் "பாவம், உடம்பு வீக்" என்று வாசலில் நின்று உச்சுக்கொட்டினார்கள். அந்தச் சொல்தான் அவரை அறுத்தது. வீக். ஒரு விரல் நீளம்கூட இல்லாத பூச்சி. கூட வேலை செய்கிற பதிமூன்று பேரும் துடைத்துப் போட்டுவிட்டுப் போகிற ஒரு கொட்டு. தனக்கு மட்டும் ஏன்? கண்ணாடி முன் நின்று தன் கையையே சந்தேகமாகப் பார்த்தார்.

ஆறு வாரம் கழித்துப் பெரிய மருத்துவமனையில் அலர்ஜி டாக்டரைப் பார்க்கப் போனார்கள். டாக்டர் அக்காவைவிடப் பத்து வயது சின்னவர். கையில் வரிசையாகச் சின்னச் சின்னக் கீறலாகக் குத்திப் பார்த்தார். குளவி விஷம் வைத்த இடம் மட்டும் கால் மணி நேரத்தில் தடித்துச் சிவந்தது.

"எனக்கு எதிர்ப்புச் சக்தி இல்லையா டாக்டர்?" என்றார் அக்கா. அந்தக் கேள்வியைக் கேட்கவே அவருக்கு அவமானமாக இருந்தது.

டாக்டர் சிரித்துவிட்டார். "இல்லாம போனாத்தான் இந்தப் பிரச்னையே வந்திருக்காதே. உங்களுக்கு அது அதிகம். தேவையில்லாத எடத்துல அதிகம்."

பிறகு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினார். முன்பு எப்போதோ கொட்டியபோது உள்ளே போன விஷத்தை உடம்பு பெரிய எதிரி என்று தப்பாகக் குறித்துக்கொண்டது. அதற்கென்றே ஒரு வகை எதிர்ப்புப் பொருளைத் தயாரித்தது. ஐ.ஜி.ஈ. என்பார்கள். அது போய் மாஸ்ட் செல் என்கிற உயிரணுக்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். தோலில், தொண்டையில், நுரையீரலில், குடலில் எல்லா இடத்திலும் அந்த அணுக்கள் உண்டு. ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஹிஸ்டமின் மாதிரியான சரக்கு நிறைந்திருக்கும். அடுத்த முறை அதே விஷம் வந்து அந்த எதிர்ப்புப் பொருளைத் தொட்டதும், அத்தனை அணுக்களும் ஒரே நேரத்தில் சரக்கைக் கொட்டிவிடும். ரத்தக் குழாய்கள் விரியும், கசியும். தோல் தடிக்கும், தொண்டை வீங்கும், ரத்த அழுத்தம் சரியும்.

"அப்போ என்னை சாகடிக்கப் பாத்தது குளவி இல்ல?"

"அந்த ஒரு சொட்டு விஷம் உங்கள ஒண்ணும் பண்ணியிருக்காது. உங்க உடம்பு போட்ட சண்டைதான்."

கணவர் வாயைத் திறந்தார். "வீட்டுலயும் அப்படித்தான் டாக்டர். ஒண்ணுமில்லாத விஷயத்துக்கு..." அக்கா பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிக்கொண்டார்.

ஆனால் அக்காவுக்கு உள்ளே ஏதோ நிமிர்ந்தது. வீக் இல்லை. உடம்பு ஆள் தெரியாமல் அடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு பல்ப் மினுக்கியதற்கு ஊர் முழுக்க லைனை அணைத்தது போல. அதைச் சரிசெய்ய வழி இருக்கத்தானே வேண்டும்?

வழி இரண்டு என்றார் டாக்டர். ஒன்று, அழுத்தினால் தானே குத்தும் அட்ரினலின் ஊசிப் பேனா இரண்டை எப்போதும் கூடவே வைத்துக்கொண்டு, குளவி இருக்கும் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் வாழ்வது. மற்றொன்று, பேனாவும் வேண்டும், அதோடு சிகிச்சை. சிகிச்சைக்கு மருந்து குளவி விஷமேதான். முதலில் ஒரு கொட்டில் இறங்குவதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பல குளவிகள் சேர்ந்து கொட்டினால் எவ்வளவு இறங்குமோ அந்த அளவுக்குக் கொண்டுபோய், பிறகு மாதம் ஒன்று. மூன்று வருடம், சில சமயம் ஐந்து. "கொஞ்சமா குடுத்துட்டே வந்தா உடம்பு பழகிக்கும். வேற வகை எதிர்ப்புப் பொருள் உண்டாகும். விஷம் அந்த மாஸ்ட் செல்லுகிட்ட போறதுக்கு முன்னாடியே அதப் புடிச்சு நிறுத்திக்கும். குளவி விஷத்துக்கு இந்த சிகிச்சை பெரும்பாலும் நல்லா வேலை செய்யும். நூத்துக்கு நூறுன்னு நான் சொல்ல மாட்டேன்."

"விஷத்தையே ஊசியா போடுவாங்களாம்" என்று கணவர் வழி நெடுகப் புலம்பினார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் குரல் உடைந்தது. "நாற்காலியில உக்காந்து வேலை செஞ்சா என்ன கொறைஞ்சு போகுது உனக்கு? அன்னிக்கு ஏணி போன் பண்ணப்போ நாப்பது பிள்ளைங்களோட பஸ்ஸ ஓரமா நிறுத்திட்டு நான் என்ன பாடு பட்டேன்னு உனக்குத் தெரியுமா?"

அது அக்காவுக்குத் தெரியாது. அன்றுதான் தெரிந்தது. கணவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"உங்க பயம் எனக்குப் புரியுது" என்றார் பிறகு. "ஆனா குளவி தெருவுலயும் இருக்கு, நம்ம மாடியிலயும் இருக்கு. நான் நாற்காலியில உக்காந்தா அது வந்து கொட்டாம மரியாதையா போயிடுமா? ஊசி போட்டுக்கத்தான் போறேன். நீங்க கூட வந்தா வாங்க. வரலன்னா பஸ்ல போயிக்கிறேன்."

கூட வந்தார். ஒவ்வொரு வாரமும் வந்தார். ஊசி போட்டபின் அங்கேயே அரை மணி நேரம் உட்கார வேண்டும். அந்த அரை மணி நேரமும் மனைவியின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். "கல்யாணத்துக்கு முன்னாடிகூட இப்படிப் பாத்ததில்ல" என்பார் அக்கா. ஊசி இல்லாத பயிற்சிப் பேனா ஒன்றை டாக்டர் கொடுத்திருந்தார். கணவர் அதைத் தலையணையிலும் சோபாவிலும் தன் தொடையிலும் குத்திக் குத்திப் பழகினார். சமையலறையில் அக்கா தும்மினால்கூடப் பேனாவோடு வந்து நின்றார்.

ஒன்பதாவது ஊசியில் உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பியது. உதடு லேசாகக் கனத்தது. உடனே மருந்து கொடுத்து அடக்கினார்கள். டாக்டர் அளவைக் குறைத்து, இரண்டு வாரம் பின்னால் போய்த் தொடங்கினார். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் கணவர் பேனாவைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார். விட்டுவிடலாமா என்று அன்று ஒருநாள் தோன்றியதாக அக்கா பின்னால் சொன்னார். மறுவாரம் டாக்டர் அறைக் கதவை முதலில் தட்டியதும் அவர்தான்.

இதற்கிடையே புகார் அறையில் அவர் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் பொறியாளர் மேசையில் ஒரு விண்ணப்பம் வைத்தார்: "மீண்டும் களப்பணி கோருதல்." பொறியாளர் ஒவ்வொன்றையும் கோப்பில் போட்டார். கோப்பு தடித்தது. அதோடு, கம்பத்துக்குப் போய்வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, குளவிக் கூடு எங்கே பார்த்தாய் என்று கேட்டுச் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைத்தார். நாலு மாதத்தில் முப்பத்தேழு புள்ளி. புள்ளி இருக்கும் கம்பத்தில் கூட்டை எடுக்காமல் யாரையும் ஏறவிட மாட்டேன் என்று புகார் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடம்பிடித்தார்.

"நீங்க யாரும்மா விட மாட்டேன்னு சொல்றதுக்கு?" என்றார் பொறியாளர்.

"போன் எடுக்கறவ சார். நீங்கதான் உக்கார வச்சீங்க."

ஏணி அன்றுதான் மெல்ல வந்து, தனக்கும் போன முறை கொட்டியபோது உடம்பெல்லாம் தடித்ததையும் யாரிடமும் சொல்லாமல் மறைத்ததையும் ஒப்புக்கொண்டார். நாற்காலி கொடுத்துவிடுவார்களோ என்ற பயம். அக்கா அவரைத் திட்டிய திட்டு பக்கத்து அறைக் கணக்கருக்கும் கேட்டது. அடுத்த புதன்கிழமை அவரையும் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். அந்த மாதமே ஒவ்வொரு வண்டியிலும் அட்ரினலின் பேனா வைக்கவும், அதைப் போட எல்லோருக்கும் சொல்லித்தரவும் உத்தரவு வந்தது. பொறியாளர்தான் மேலே எழுதி வாங்கியிருந்தார். அக்கா நன்றி சொன்னார். சொல்லிவிட்டு அந்த வாரத்து விண்ணப்பத்தையும் வைத்தார்.

பதினாலு மாதம் ஆனது. ஊசி மாதம் ஒன்றாகிவிட்டது. கை வீங்குவதுகூட இல்லை.

"எல்லாம் சரிம்மா" என்றார் பொறியாளர். "மேல நிக்கும்போது நெஜமாவே கொட்டினா ஒண்ணும் ஆகாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? என் கையெழுத்துல நீங்க ஏறி, உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா?"

நியாயமான கேள்வி. அக்கா அதை அப்படியே எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனார். "கொட்ட வச்சுப் பாக்க முடியுமா?"

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். சில பெரிய மருத்துவமனைகளில் அப்படி ஒரு சோதனை உண்டு என்றார். தீவிர சிகிச்சைக்கான எல்லாம் பக்கத்தில் தயாராக இருக்க, உயிருள்ள குளவியைக் கையில் கொட்டவைப்பார்கள். "வீட்டுல, வெளியில யாரும் செஞ்சு பாக்கற காரியம் இல்ல இது. உங்களுக்கும் கட்டாயம் இல்ல."

"எனக்குக் கட்டாயம் டாக்டர்."

கையெழுத்துப் போட வேண்டிய தாள்கள் ஏழு. கணவர் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தார். ஆறு மணி நேரப் பயணம் போய், அந்த ஊர் மருத்துவமனையில் ஒரு வெள்ளை அறை. கையில் சலைன் குழாய், மார்பில் ஒயர்கள், தலைமாட்டில் ஆக்சிஜன், தட்டில் நிரப்பிவைத்த அட்ரினலின். ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ். ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் அந்தக் குளவி. அதைக் கவிழ்த்து அக்காவின் முன்கையில் வைத்தார்கள்.

குளவி கொட்டவில்லை. கையில் நடந்தது. கண்ணாடியில் ஏறியது. சறுக்கியது. மீசையைத் துடைத்துக்கொண்டு நின்றது. ஐந்து நிமிடம் ஆயிற்று. அறையில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வேணாத நேரத்துல வந்து கொட்டும். வேணும்னு கூப்பிட்டா இதுக்கு என்ன பிகு பாருங்க" என்றார் அக்கா.

நர்ஸ் ஒருவர் சிரித்துவிட்டார். கண்ணாடி அசைந்தது. அந்த நேரம் பார்த்துக் கொட்டியது.

நெருப்பு வைத்தது போல வலித்தது. பழகிய வலி. அக்கா கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையைக் கவனித்தார். அரிக்கிறதா? இல்லை. உள்ளங்கால்? இல்லை. காது? நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அது பயம்தான் என்று அவருக்கே தெரிந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம் பார்த்தார்கள். அன்று கம்பத்தில் எல்லாம் முடிந்துபோன அந்த நேரம் கடந்தது. கால் மணி, அரை மணி, ஒரு மணி. கையில் ஒரு சிவப்பு வட்டம், அவ்வளவுதான். கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினார். "இங்க எங்கயாவது சாப்பாடு கிடைக்குமா? எனக்குப் பசிக்குது" என்றார் அக்கா.

அறிக்கையோடு கோப்பு மேலிடத்து மருத்துவ அதிகாரிக்குப் போய் மூன்று வாரத்தில் திரும்பியது. அனுமதி. நிபந்தனைகளும் இருந்தன: ஊசியை நிறுத்தக் கூடாது, பேனா இரண்டும் இடுப்பில் இருக்க வேண்டும், கீழே பழகிய ஆள் நிற்க வேண்டும், கொட்டினால் உடனே இறங்கி அரை மணி நேரம் பார்த்த பிறகே மறுபடி ஏற வேண்டும். பொறியாளர் அதை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"ஜெயிச்சிட்டீங்கம்மா."

"ஜெயிக்கறதுக்கு இது போட்டியா சார்? என் வேலைக்கு நான் வந்திருக்கேன்" என்றார் அக்கா.

முதல் நாள் ஏறும்போது ஏழாவது அடியில் நின்றுவிட்டார். எங்கோ ஒரு ரீங்காரம் கேட்டது போல் இருந்தது. தூரத்தில் போன மோட்டார் சைக்கிள். அங்கேயே பெல்ட்டில் சாய்ந்து நின்று, அந்தச் சத்தம் தேயும்வரை குறுக்குச் சட்டத்தின் அடியை, குழாயின் வாயை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கீழே ஏணி அண்ணாந்தபடியே நின்றார். பிறகு மேலே போனார். பயம் போய்விட்டதா என்று இப்போது கேட்டாலும், "அது எங்க போகும்? அதுவும் கூடத்தான் ஏறுது" என்பார்.

போன வருடம் ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் மேடையில் வேலை செய்துகொண்டிருந்தபோது தோளில் கொட்டியது. வாய்க்கு வந்ததைச் சொல்லித் திட்டிக்கொண்டே, விதிப்படி இறங்கினார். வண்டி நிழலில் படுத்துக் காலை டயரின் மேல் தூக்கி வைத்துக்கொண்டார். ஏணி ஒரு கையில் பேனாவும் ஒரு கையில் கடிகாரமுமாகப் பக்கத்தில் குந்தினார். தெருக்காரர்கள் கூடி, கரண்ட் எப்போது வரும் என்று கேட்டார்கள்.

"படுத்திருக்கேன்ல, தெரியல? எனக்கு ஒண்ணும் இல்லன்னா அரை மணியில வரும்" என்றார் அக்கா.

தோளில் ஒரு வீக்கம் வந்தது. வேறொன்றும் வரவில்லை. ஏணி கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். கம்பத்தக்கா எழுந்து புழுதியைத் தட்டி, பெல்ட்டை இறுக்கிக்கொண்டு ஏறினார். பன்னிரண்டரைக்கு அந்தத் தெருவில் மின்விசிறிகள் சுழல ஆரம்பித்தன.